சர்வர் அறைக்கு நெல்லைத் தண்ணீர்: 100 கிலோவாட்டுக்கு ஒரு செய்முறை

முதல் வேலையாக ஒரு தெர்மாமீட்டரைக் கிணற்றுக்குள் இறக்குங்கள். பைப், பம்ப், சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) விலை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையை வாங்கி கடல்நீரால் சர்வர்களைக் குளிர்விக்கிறது கூகுள். டொரண்டோவில் ஏரியின் 83 மீட்டர் ஆழத்திலிருந்து 4 டிகிரித் தண்ணீரை எடுத்துக் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்கள். இவற்றைப் படித்துவிட்டு, "நமக்குத்தான் வற்றாத தாமிரபரணி இருக்கிறதே" என்று கிளம்புகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். நம்மூர்த் தண்ணீர் சில்லென்று இருக்காது. நிலத்தடி நீரின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். திருநெல்வேலியில் அது 28 முதல் 30 டிகிரி. சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் பெரிதாக மாறாது. ஆக, இங்கே தண்ணீரிடம் கிடைப்பது குளிர்ச்சி இல்லை, நிலைத்த வெப்பநிலை. வெளியே 39 டிகிரி கொதிக்கும் மே மாதப் பிற்பகலிலும் கிணற்றில் 29 டிகிரிதான். அந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தை மின்சாரச் சேமிப்பாக மாற்றும் வழிதான் இந்தக் குறிப்பு.

கணக்குக்கு ஒரு சிறிய மையத்தை எடுத்துக்கொள்வோம்: கல்லூரி, மருத்துவமனை, கங்கைகொண்டான் பக்கத்து ஐ.டி. அலுவலகம் போன்ற இடங்களில் இருக்கும் 100 கிலோவாட் சர்வர் அறை. உங்களுடையது 50 என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், 200 என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

எவ்வளவு வெப்பம், எவ்வளவு தண்ணீர்

சர்வர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். 100 கிலோவாட் சர்வர், யு.பி.எஸ். இழப்பு, விசிறிகள், விளக்கு எல்லாம் சேர்த்து 115 கிலோவாட் என்று வையுங்கள். இதைச் சில்லர் வழியாக வெளியேற்றினால் சில்லரின் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரமும் வெப்பமாகச் சேரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்தரை யூனிட் வெப்பத்தை அகற்றும் சில்லர் என்றால் கம்ப்ரசருக்கு 21 கிலோவாட். தண்ணீர் சுமக்க வேண்டிய மொத்தம் 136 கிலோவாட்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.186 கிலோஜூல் தேவை. கிணற்று நீர் 29 டிகிரியில் வந்து 34 டிகிரியில் திரும்பட்டும். 136-ஐ 4.186-ஆலும் 5-ஆலும் வகுத்தால் விநாடிக்கு 6.5 லிட்டர். உங்கள் போரில் இவ்வளவு வருகிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். 200 லிட்டர் டிரம் 31 விநாடியில் நிறைய வேண்டும்.

விநாடிக்கு 6.5 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலாயிரம் பேர் ஒரு நாள் புழங்கும் தண்ணீர் அது. இதை ஒரு தடவை ஓட்டிவிட்டு ஓடையில் விடுவது பாவம். அப்படி விட நினைப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எடுத்த தண்ணீர் எடுத்த நிலத்துக்கே திரும்ப வேண்டும். வெப்பத்தை மட்டும் அதன் தலையில் ஏற்றி அனுப்புகிறோம், அவ்வளவுதான். இந்த ஒரு விதியை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாமே.

எந்த நீர்நிலை

ஆறு வேண்டாம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் பங்குபிரிந்து, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீராகிக் கடல் சேர்கிறது. அதில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஏற்கெனவே ஓர் உரிமையாளர் உண்டு. கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுநீர் கொடுப்பது 2016-17-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனதை நினைவில் வையுங்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் ஆறு சரிவராது. கோடையில் மணல்மேல் பரவி ஓடும் மெல்லிய நீர் நண்பகலில் கிணற்று நீரைவிடச் சூடு. வெள்ளத்தில் சேறு. மற்ற நாளில் அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மிதந்து வந்து உறிஞ்சுகுழாய் வாயை அடைக்கும்.

குளத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதிகம். நயினார்குளம், வேய்ந்தான்குளம் மாதிரி ஊருக்குள்ளேயே பரந்து கிடக்கும் நீர். ஆனால் நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் எல்லாம் கார், பிசானம் என்று சாகுபடியை ஒட்டித் திறந்து மூடப்படுபவை. பிசான அறுவடை முடிந்து கால்வாய் அடைத்தால் பல குளங்கள் ஏப்ரல், மே மாதங்களில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும், அல்லது வெடித்துக் கிடக்கும். சர்வர் அறைக்குக் குளிர்ச்சி அதிகம் தேவைப்படும் மாதமும் அதுவே. கார்த்திகையில் நிறைந்திருக்கும் குளத்தைப் பார்த்து வடிவமைக்காதீர்கள். மே 15-ம் தேதி போய் நின்று பாருங்கள்.

கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகள் வேறு கதை. மாவட்டத்தில் பல இடங்களில் இருபது, முப்பது மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி நிற்கிறது. ஆழமான நீரில் மேலடுக்கு வெயிலில் சூடாகும். அடியில் மழைக்காலக் குளிர் தங்கிவிடும். அங்கே மேலே 31, அடியில் 26 என்று தெர்மாமீட்டர் காட்டினால் வியப்பில்லை. 136 கிலோவாட்டைக் கொட்டினால் குட்டை தாங்குமா என்று பார்க்க ஒரு தோராயக் கணக்கு: காற்றோட்டமுள்ள நீர்ப்பரப்பு, இயல்பைவிட ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 வாட் வரை வெளியேற்றும். மூன்று டிகிரி ஏற அனுமதித்தால் ஏறக்குறைய 1,300 சதுர மீட்டர், அதாவது 32 சென்ட் பரப்பு போதும். ஆனால் இங்கே செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். கொட்டிய வெப்பத்தில் பாதிக்கு மேல் ஆவியாகவே போகும். நாளுக்கு இரண்டரை ஆயிரம் முதல் மூவாயிரம் லிட்டர் வரை கூடுதலாக வற்றும். உறிஞ்சும் வாயை அடியிலிருந்து மூன்று மீட்டராவது உயர்த்தி வையுங்கள். அடிமட்ட நீரில் பிராணவாயு இருக்காது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது, செம்புக் குழாயைக் கரித்துவிடும். திரும்பும் நீரை எதிர்மூலையில் மேற்பரப்பில் விடுங்கள். குவாரியின் உரிமை யாரிடம் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு பைப்கூடப் போடாதீர்கள்.

போர்வெல்லைப் பொறுத்தவரை நெல்லைப் பக்கம் பெரும்பாலும் கடினப்பாறை. தண்ணீர் வெடிப்புகளில்தான் ஓடும். விநாடிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தரும் போர்தான் அதிகம். ஆறரை லிட்டர் தருவது அதிர்ஷ்டம். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி, சிமென்ட் ஆலையே அதை நம்பித்தான் வந்தது. அங்கே நீர் வரத்து இருந்தாலும் கடினத்தன்மை தொல்லை கொடுக்கும்.

எங்கள் பரிந்துரை ஆற்றங்கரை வண்டலில் தோண்டிய கிணறு. குறுக்குத்துறை, கொண்டாநகரம் பகுதிகளில் மாநகராட்சிக் குடிநீர் உறைகிணறுகள் எந்த மணற்படுகையை நம்பி இருக்கின்றனவோ, அதே மாதிரிப் படுகை. நீர்மட்டம் ஆழமில்லை, வரத்து தாராளம், மணலே வடிகட்டி. குடிநீர்க் கிணறுகளுக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாது.

கூடங்குளம் அணுமின் நிலையம் கடல்நீரால் குளிர்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 1,000 மெகாவாட் உலைக்கு டைட்டானியம் குழாயும் கடலுக்குள் தடுப்புச்சுவரும் கட்டுப்படியாகும். 100 கிலோவாட்டுக்கு ஆகாது.

நீர்மட்டம் ஆழமானால் லாபம் போகும்

இதைப் பலர் கணக்குப் போடுவதே இல்லை. காற்றால் குளிரும் சில்லர் மே மாத வெயிலில் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம்தான் அகற்றும். 115 கிலோவாட்டுக்கு 38 கிலோவாட் விழுங்கும். நீரால் குளிரும் சில்லருக்கு 21. மிச்சம் 17. அதிலிருந்து பம்ப் செலவைக் கழிக்க வேண்டும். விநாடிக்கு 6.5 லிட்டரை மொத்தம் 40 மீட்டர் தூக்க, பம்பின் திறன் 55 சதவீதம் என்றால், 4.6 கிலோவாட். கட்டடத்துக்குள் மூடிய குழாயில் சுற்றும் சுத்தநீருக்கான உள்சுற்றுப் பம்புக்கு இன்னும் 1.7. கையில் நிற்பது 11 கிலோவாட். மே மாதம்போல ஆண்டு முழுவதும் ஓடினால் 97 ஆயிரம் யூனிட். மார்கழி, தை மாதங்களில் காற்றுச் சில்லரும் நன்றாக ஓடும் என்பதால் உண்மையில் சற்றுக் குறையும்.

அதே தண்ணீரை 100 மீட்டரிலிருந்து தூக்கினால் கிணற்றுப் பம்ப் மட்டுமே 11.6 கிலோவாட் இழுக்கும். மிச்சம் நான்குதான். 135 மீட்டரைத் தாண்டினால் ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே, பம்ப் ஓடும்போது நிற்கும் நீர்மட்டம் 40 மீட்டருக்குக் கீழே என்றால் இந்தத் திட்டத்தைக் கைவிட்டு கூலிங் டவர் (நீரில் கொஞ்சத்தை ஆவியாக்கி மீதியைக் குளிர்விக்கும் கோபுரம்) பக்கம் போங்கள். ஓடாதபோது நிற்கும் மட்டத்தைச் சொல்லி யாராவது சமாதானப்படுத்தினால் நம்பாதீர்கள்.

அளந்து பார்ப்பது

ஏப்ரல், மே மாதங்களில் 24 மணி நேரம் தொடர்ந்து பம்ப் ஓட்டுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு மணிக்கு ஒருமுறையும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். கடைசி ஆறு மணி நேரம் மட்டம் நிலைத்து நின்றால்தான் அந்த வரத்து உண்மை. வெப்பநிலைக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள நீர்புகா டிஜிட்டல் சென்சார் போதும். முதலில் ஐஸ் கரையும் தண்ணீரில் வைத்து எவ்வளவு பிசகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பம்ப் கால் மணி நேரம் ஓடிய பிறகே அளவெடுங்கள். அதற்கு முன் வருவது கேசிங் பைப்பில் நின்ற தண்ணீர்.

தண்ணீர்ப் பரிசோதனையில் கேட்க வேண்டியவை: பி.எச்., டி.டி.எஸ்., மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, இரும்பு, சிலிக்கா. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால், காற்றுப் பட்டவுடன் துருவாகப் படிந்து முதலில் வெப்பம் மாற்றும் தகட்டையும் பிறகு தண்ணீரைத் திருப்பி விடும் கிணற்றையும் அடைக்கும். குளோரைடு 200-ஐத் தாண்டினால் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு வேண்டாம், 316 வாங்குங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கரையோர ஊர்களில் உப்பேறிய போர் என்றால் 316-ம் தாங்காது.

இரண்டு சுற்று, நடுவே தகடு

கிணற்று நீரை நேராகச் சில்லருக்குள்ளோ சர்வர் பக்கமோ விடாதீர்கள். நடுவே ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும்: இரண்டு நீரும் கலக்காமல் மெல்லிய தகடுகள் வழியாக வெப்பத்தை மட்டும் கைமாற்றும் சாதனம். ஒருபுறம் கிணற்று நீர் 29-ல் நுழைந்து 34-ல் வெளியேறும். மறுபுறம் மூடிய சுற்றில் ஓடும் சுத்தநீர் 36-ல் வந்து 31-ல் திரும்பும். இரண்டுக்கும் இடையே இரண்டு டிகிரிதான் என்பதால் தகட்டுப் பரப்பு தாராளமாக வேண்டும்: 136 கிலோவாட்டுக்கு 20 சதுர மீட்டர் வரும், அழுக்குப் படிவதற்குச் சேர்த்து 24 வாங்குங்கள். விற்பவர் "ஐந்து டிகிரி இடைவெளியில் பாதி விலைக்கு முடித்துவிடலாம்" என்பார். அந்த மூன்று டிகிரிக்குரிய மின்கட்டணத்தைச் சில்லர் ஆயுள் முழுக்கக் கட்டப்போவது நீங்கள்.

கிணற்றுப் பக்க அழுத்தம் உள்சுற்றைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். தகடு ஓட்டையானால் உள்சுற்றின் மருந்து நிலத்தடி நீரில் கலக்காமல், கிணற்று நீர்தான் உள்ளே வரும். உள்சுற்றின் அழுத்தம் காரணமில்லாமல் ஏறினால் அதுவே ஓட்டைக்கு எச்சரிக்கை.

பம்பிலிருந்து வரும் வரிசை இது: முதலில் மணலைச் சுழற்றி வெளியேற்றும் ஹைட்ரோசைக்ளோன், அடுத்து 130 மைக்ரான் டிஸ்க் பில்டர் இரண்டு, ஒன்று ஓட ஒன்று காத்திருக்க. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் அதே சாமான்தான். டவுனிலும் பாளையங்கோட்டையிலும் உரம், பம்புசெட் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதன்பின் தகடு, ஓட்ட மீட்டர், திரும்பும் கிணறு. பைப்புக்கு 90 மில்லிமீட்டர் எச்.டி.பி.இ., 10 பார் தாங்குவது. ஆறரை லிட்டர் ஓட்டத்தில் 100 மீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் அழுத்தம்தான் இழக்கும். தெருவில் கிடக்கும் 63 மில்லிமீட்டர் பைப்பைப் போட்டுச் சமாளிக்க நினைத்தால் சேமித்ததில் ஒரு பகுதியை அந்தப் பைப்பிலேயே உரசித் தொலைத்துவிடுவீர்கள்.

அறைக்குள் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. சர்வர் உறிஞ்சும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. பல அறைகளில் இன்னும் 18-ல் வைத்து ஆட்கள் நடுங்குகிறார்கள். சூடான காற்று முன்பக்கம் திரும்பி வராதபடி ரேக்குகளுக்குப் பின்னால் தடுப்புப் போட்டு, காலி இடங்களில் மூடித் தகடு மாட்டி, காற்றை 25-ல் வையுங்கள். அப்போது சில்லர் 20 டிகிரித் தண்ணீர் தந்தால் போதும். 7 டிகிரிக்கு இறக்க வேண்டாம். மேலே சொன்ன ஐந்தரை மடங்கு கணக்கு இந்த 20 டிகிரிக்குத்தான் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் நெல்லைக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 23-ஐ ஒட்டி வந்துவிடும். 20 டிகிரிப் பைப்பில் வேர்த்துக் கொட்டும் என்பதால் அதற்கு மட்டும் நுரைக் காப்பு கட்டாயம்.

புதிதாகச் சர்வர் வாங்குபவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. சிப்பின் மேலேயே தண்ணீர்த் தகடு வைத்த சர்வர்கள் 32 டிகிரி, சில ரகங்கள் 40 டிகிரித் தண்ணீரிலும் ஓடும். நம் உள்சுற்று தரும் 31 டிகிரியே அவற்றுக்குக் குளிர்நீர்தான். சர்வரின் 100 கிலோவாட் வெப்பத்தில் முக்கால் பங்கு சில்லரே இல்லாமல் போய்விடும். மீதி 40 கிலோவாட்டுக்கு மட்டும் சில்லர், அது ஏழு கிலோவாட்தான் இழுக்கும். நெல்லைத் தண்ணீருக்கு ஏற்ற தொழில்நுட்பம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெந்நீரில் குளிரும் சர்வர் வந்தபிறகு பின்லாந்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

திரும்பும் கிணறு

திட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு கிணறு கொடுக்கும் அளவை அதே மாதிரிக் கிணறு வாங்கிக்கொள்ளாது. பாதிதான் வாங்கும் என்று வைத்து, எடுக்கும் கிணறு ஒன்றுக்குத் திரும்பும் கிணறு இரண்டு தோண்டுங்கள். திரும்பும் பைப்பின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது மூன்று மீட்டர் முங்கியிருக்க வேண்டும். மேலிருந்து அருவி மாதிரிக் கொட்டவிட்டால் காற்றுக்குமிழ் மணலின் இடுக்கில் புகுந்து அடைக்கும், இரும்பு துருவாகும், கரைந்த கரியமிலவாயு வெளியேறிச் சுண்ணாம்பு படியும். மூடிய பைப்பிலேயே போய் மூடிய பைப்பிலேயே திரும்பினால் தாழையூத்துத் தண்ணீர்கூடப் பெரிதாகப் படியாது. கடின நீரில் சுண்ணாம்பு படியக் காரணம் ஐந்து டிகிரிச் சூடு மட்டுமல்ல, காற்றுப் படுவதும்தான்.

இரண்டாவது சிக்கல், நீங்கள் விட்ட சூடு உங்களிடமே திரும்பி வருவது. பத்து மீட்டர் தடிமனான மணற்படுகையில், இரண்டு கிணறுகளுக்கும் நடுவே 100 மீட்டர் என்றால், நாளுக்கு 560 கன மீட்டர் ஓட்டத்தில் சூடு ஏறக்குறைய 110 நாளில் எடுக்கும் கிணற்றைத் தொடும். உடனே கொதிக்காது, 29 மெல்ல 29.5, 30 என்று ஏறும். 150 மீட்டர் தள்ளினால் அதுவே 250 நாள். தூரம் ஒன்றரை மடங்கானால் காலம் இரண்டேகால் மடங்கு. எடுக்கும் கிணறு நீரோட்டத்தின் மேல்பக்கமும் திரும்பும் கிணறு கீழ்ப்பக்கமும் இருந்தால் இன்னும் நல்லது. ஆண்டுக்கொரு முறை திசையை மாற்றி ஓட்டும்படி வால்வு வைத்தால் அதற்குரிய செலவு வீண்போகாது.

கடினப்பாறையில் இந்தக் கணக்கே செல்லாது. ஒரே வெடிப்பு இரண்டு போரையும் இணைத்திருந்தால் சில மணி நேரத்திலேயே சூடு வந்து சேரும். தோண்டியதும் சோதியுங்கள்: எடுக்கும் போரை ஓடவிட்டு, 25 கிலோ தூத்துக்குடிக் கல்லுப்பை 200 லிட்டர் நீரில் கரைத்துத் திரும்பும் போரில் ஊற்றுங்கள். எடுக்கும் போரின் மின்கடத்தலை பேனா மீட்டரால் அரை மணிக்கொரு முறை மூன்று நாள் அளவெடுங்கள். முதல் நாளே ஏறினால் அந்த ஜோடி உதவாது. அக்கம்பக்கத்துக் குடிநீர்க் கிணறுகளுக்குச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டே இதைச் செய்யுங்கள். அவர்கள் கிணறுகளின் நீர்மட்டத்தையும் திட்டத்துக்கு முன்பே அளந்து, அவர்களின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் தண்ணீர் குறைந்தது என்ற பேச்சு வந்தால் இரு தரப்புக்கும் அந்தத் தாள்தான் சாட்சி.

கிணறு சரிவராதவர்களுக்குக் கூலிங் டவர்

இங்கே ஈரக்குமிழ் வெப்பநிலை (ஆவியாவதால் தண்ணீர் குளிரக்கூடிய கடைசி எல்லை) மோசமான நாட்களில் 27-ஐ ஒட்டி வரும். அதைவிட நான்கு டிகிரி கூடுதலாக டவர் தண்ணீர் தரும் என்றால் 31. தகட்டைத் தாண்டி வரும் கிணற்று நீரும் 31. வெப்பநிலையில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தண்ணீர்ச் செலவில். டவரில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகும். 136 கிலோவாட்டுக்கு நாளுக்கு 4,830 லிட்டர். ஆவியாகும்போது உப்பு பின்தங்குவதால் கொஞ்சத்தை வெளியேற்ற வேண்டும். உப்பு நான்கு மடங்கு ஏறும்வரை விடலாம் என்றால் வெளியேற்றம் 1,610, மொத்தம் 6,440 லிட்டர். கடின நீரில் இரண்டு மடங்குக்கே சுண்ணாம்பு கட்டும். அப்போது மொத்தம் 9,660. தண்ணீரின் தரம் தண்ணீரின் அளவையே மாற்றிவிடுகிறது.

இதற்கு ஆற்றுநீரோ குடிநீரோ கேட்காதீர்கள். ராமையன்பட்டியில் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அப்படிச் சுத்திகரித்த நீரை மணல் வடிகட்டியில் விட்டுக் குளோரின் போட்டுப் பயன்படுத்தலாம். அம்மோனியா இருந்தால் செம்பும் பித்தளையும் வெடிப்பு விடும். பாஸ்பேட் இருந்தால் பாசியும் படிவும். இரண்டையும் வாரம் ஒருமுறை பரிசோதியுங்கள். மழைநீரையும் வீணாக்காதீர்கள்: ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடி, அதில் 80 சதவீதம் பிடித்தால், 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் தரும், டவருக்கு 87 நாள் தண்ணீர். மென்மையான நீர் என்பதால் கலந்துவிட்டால் வெளியேற்றமும் குறையும். சாரல் பறக்காத தடுப்பைத் தவறாமல் மாட்டுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். வெதுவெதுப்பான டவர் நீரில் லெஜியோனெல்லா வளரும், அது மூச்சில் போனால் நிமோனியா. ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழி அடிக்கும் மேல்காற்று டவரின் நீரைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போகும். மேற்குப் பக்கம் மறைப்புச் சுவர் வையுங்கள், டவருக்குக் காற்று கிடைக்கும் இடைவெளி விட்டு.

மின்சாரம் போனால், வெள்ளம் வந்தால்

பம்ப் நின்றால் சர்வர் நிற்காது, சூடு மட்டும் ஏறும். 100 கிலோவாட் அறை சில நிமிடங்களில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். உள்சுற்றுப் பம்பும் அறை விசிறிகளும் யு.பி.எஸ்.-ல் இருக்கட்டும். கிணற்றுப் பம்பும் சில்லரும் ஜெனரேட்டரில். ஜெனரேட்டர் எடுத்து, சில்லர் மறுபடி முழுத் திறனுக்கு வரப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, 20 டிகிரித் தண்ணீருக்கு 2,750 லிட்டர் காப்புத் தொட்டி வையுங்கள். 3,000 லிட்டர் தொட்டி வாங்கினால் சரி.

வெள்ளத்துக்கு அளவுகோல் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது; நெல்லை ஜங்ஷனுக்குள் ஆறு புகுந்தது. ஆற்றங்கரைக் கிணறு என்றால் அந்த வெள்ளக்கோடு உங்கள் சுவரில் எங்கே நின்றது என்று பார்த்து, மின்பலகையும் தகடும் அதற்கு ஒரு மீட்டர் மேலே இருக்கும்படி மேடை கட்டுங்கள். கிணற்றின் வாயைப் போல்ட் போட்டு இறுக்கும் மூடியால் மூடுங்கள். சேற்று நீர் உள்ளே போனால் படுகையே அடைந்துவிடும், கழுவி எடுக்க மாதங்கள் ஆகும்.

அனுமதி

நிலத்தடி நீர் எடுக்க நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் வட்டாரம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு 1974 நீர்ச் சட்டப்படி தேவை. நீர்நிலையில் விடும் தண்ணீர், அந்த நீர்நிலையின் வெப்பநிலையைவிட 5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக்கூடாது என்பது பொதுவிதி. மேலே கணக்கில் 5 டிகிரியையே பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். விண்ணப்பத்தில் "எடுப்பது" என்று ஒரு எண்ணை மட்டும் எழுதாமல் "திருப்புவது" என்று இன்னொரு எண்ணையும் எழுதி, இரு பைப்பிலும் மீட்டர் மாட்டுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

தினமும் பார்க்க வேண்டியவை நான்கே எண்கள்: கிணற்று நீர் வரும் சூடு, திரும்பும் சூடு, ஓட்டம், தகட்டின் இரு பக்கத்துக்கும் உள்ள சூட்டு இடைவெளி. இடைவெளி இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் தகடு அழுக்கு. 5 சதவீத சிட்ரிக் அமிலத்தை இரண்டு மூன்று மணி நேரம் சுற்றவிட்டுக் கழுவுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொடவே தொடாதீர்கள், அதன் குளோரைடு எஃகில் குழி விழுத்தும். ஓட்டம் குறைந்து அழுத்தம் ஏறினால் டிஸ்க் பில்டர். ஓட்டமும் குறைந்து திரும்பும் கிணற்றின் மட்டமும் ஏறினால் திரும்பும் கிணறு அடைக்கிறது. மாதம் ஒருமுறை அதை இரண்டு மணி நேரம் எதிர்த்திசையில் பம்ப் பண்ணி வெளியே விட்டால் இந்த நிலை வராது. அந்தக் கலங்கல் நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம். வரும் சூடு மட்டும் மாதத்துக்கு அரை டிகிரி ஏறினால் கிணறுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. திசை வால்வைத் திருப்புங்கள். இந்த நான்கு எண்களையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கணினியிலும் இருக்கட்டும், ஆனால் சர்வர் அறை சூடேறி நிற்கும் அன்றைக்குக் கைக்கு எட்டுவது நோட்டுதான்.